இரண்டாம் இருக்கை

2024 ஏப்ரல் 7. நாம் ரமளானின் இறுதிப் பத்தில், பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாள்கள் அவை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அன்று கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் இறுதிப் போட்டி நடந்தது. தென் கரோலைனா பல்கலைக்கழக அணி, அயோவா அணியை 87க்கு 75 என்ற கணக்கில் வென்றது. அந்தப் பருவத்தில் ஆடிய 38 ஆட்டங்களிலும் தென் கரோலைனாவுக்குத் தோல்வியே இல்லை. ஆடவர் இறுதிப் போட்டியைக் காட்டிலும் அதிகமானோர் அவ்வாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டனர். ஆட்டம் முடிந்ததும் ஒளிப்படக் கருவிகள் யாவும் தலைமைப் பயிற்சியாளர் டான் ஸ்டேலியை மொய்த்தன. அவர் கண்ணீர் சிந்தியதை உலகம் பார்த்தது.

நாம் அந்த ஆட்டத்தை அன்று பார்க்கவில்லை. பின்னரே அதைப் பற்றிப் படித்தோம். படித்தபோது நம்மை நிறுத்திவைத்தவர் ஸ்டேலி அல்லர். அவருக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்த, அவரைவிட வயதில் மூத்த ஒரு பெண்மணி. பெயர் லிசா பாயர். பதவி, துணைப் பயிற்சியாளர்.

விளையாட்டுச் செய்திக்கு இந்தப் பக்கங்களில் என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். உடை பற்றிய கேள்வியும் உடன் எழும். மார்க்கம் வகுத்த வரம்பு நமக்குத் தெளிவானது. அதைத் தளர்த்தச் சொல்ல நாம் வரவில்லை. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தலைமறைப்புக்கு விதித்திருந்த தடையை 2017இல் நீக்கிவிட்டது என்பதை மட்டும் நினைவூட்டி, அந்த விவாதத்தை வேறொரு நாளுக்கு வைக்கிறோம். இன்று பேச விரும்புவது பந்தைப் பற்றியன்று, இருக்கையைப் பற்றி.

லிசா பாயர் தலைமைப் பொறுப்பை அறியாதவரல்லர். இலினாய் மாநிலத்தின் பிராட்லி பல்கலைக்கழகத்தில் 1986 முதல் பத்தாண்டுகள் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1996இல் அமெரிக்காவில் பெண்களுக்கெனத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர் ஒன்று தொடங்கப்பட்டபோது, ரிச்மண்ட் நகரின் ரேஜ் என்னும் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். அடுத்த பருவத்தில் அவ்வணி பிலடெல்பியாவுக்கு இடம்பெயர்ந்தது. அந்த அணியில் அவருக்குக் கீழே ஆடிய வீராங்கனைதான் டான் ஸ்டேலி. 1998இன் இறுதியில் பணமின்றி அந்தத் தொடரே கலைந்தது. பாயர் கிளீவ்லாந்துக்குச் சென்று, அந்நகரின் பெண்கள் தொழில்முறை அணியில் துணைப் பயிற்சியாளராக அமர்ந்தார். 2001-02 பருவத்தில் அதே நகரின் ஆடவர் அணியான கேவலியர்ஸ் அவரைத் தன் பயிற்சியாளர் குழுவில் சேர்த்துக்கொண்டது. என்பிஏ எனப்படும் ஆடவர் தொழில்முறைத் தொடரில் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றிய முதல் பெண் அவரே எனக் கருதப்படுகிறார். 2014இல் பெக்கி ஹேமன் என்பவர் அத்தொடரில் முழுநேரத் துணைப் பயிற்சியாளரானபோது உலக நாளிதழ்கள் எல்லாம் எழுதின. பாயருக்கு அந்தப் பேரொலி கிட்டவில்லை.

இதற்கிடையே, 2000ஆம் ஆண்டில் ஸ்டேலி பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளரானார். அப்போது அவர் ஆட்டத்தையும் விட்டிருக்கவில்லை. 2002இல் பாயர் அவரிடம் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தாம் பயிற்றுவித்த பெண்ணிடம், தாம் அமர்ந்திருந்த இருக்கைக்கு அடுத்த இருக்கையில். 2008இல் ஸ்டேலி தென் கரோலைனாவுக்குச் சென்றபோது அவரும் உடன் சென்றார். 2017, 2022, 2024 என மூன்று தேசியப் பட்டங்கள். மூன்றாவது பட்டத்தை வென்ற அந்த அரங்கம், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கேவலியர்ஸ் அணியுடன் அமர்ந்திருந்த அதே அரங்கம்.

நம் வீடுகளில் இந்த வரலாற்றைச் சொன்னால் என்ன கேட்பார்கள் என்பதை நாம் அறிவோம். "அப்படியானால் கடைசிவரை அசிஸ்டெண்ட்தானா?" என்பார்கள்.

அந்தக் கேள்வி நம் நாவில் ஊறிப்போனது. பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளையின் பதவியைக் கேட்கிறோம், 'துணை' என்றோ 'உதவி' என்றோ முன்னொட்டு வந்தால், "மேலே போக வாய்ப்பு இருக்கிறதா?" என்று அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்பில் பள்ளியளவில் இரண்டாம் இடம் பெற்று வரும் பிள்ளையிடம், முதலிடம் பெற்றவன் யார் என்று விசாரிக்கிறோம். வளைகுடாவில் பதினைந்து ஆண்டுகள் ஒரே கடையில் இரண்டாம் நிலையில் நேர்மையாக நின்று மூன்று சகோதரிகளைக் கரையேற்றியவரைக் குறித்து, "சொந்தமாக ஒரு கடை வைக்கத் தெரியவில்லை" என்கிறோம்.

ஆனால் நாம் ஓதும் வேதம் இரண்டாம் இடத்தை வேறு விதமாகக் காட்டுகிறது. ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது மூஸா நபி (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டவற்றுள் ஒன்று, தம் குடும்பத்திலிருந்து ஓர் உதவியாளர். தம் சகோதரர் ஹாரூனையே பெயர் சொல்லிக் கேட்டார்கள். அவர் தம்மைவிடத் தெளிவாகப் பேசுபவர் என்ற காரணத்தையும் கூறினார்கள். ஹாரூன் (அலை) அவர்களே வயதில் மூத்தவர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். தம்மினும் நாவன்மை மிக்க ஒருவரைத் துணையாகக் கேட்பதற்குத் தலைவரிடம் ஒரு மனம் வேண்டும். இளையவரின் பக்கத்தில் நின்று அந்த நாவன்மையை அவர் பணிக்கு ஒப்புக்கொடுப்பதற்கு மூத்தவரிடமும் ஒரு மனம் வேண்டும். பாயரும் ஸ்டேலியும் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். நபிமார்களோடு எவரையும் ஒப்பிடவும் மாட்டோம். ஆயினும் அந்த இரண்டு இருக்கைகளைப் பார்க்கையில், சூரா தாஹாவில் நாம் ஓதிக் கடந்துவிடும் இந்த துஆ நினைவுக்கு வந்தது.

உஸாமா (ரலி) அவர்களின் படையும் நினைவுக்கு வந்தது. அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் இறுதி நாள்களில் ஒரு படைக்கு உஸாமாவைத் தளபதியாக்கினார்கள். அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. மூத்த தோழர்கள் பலர் அவர் தலைமையில் அணிவகுத்தனர். உமர் (ரலி) அவர்களும் அதில் இருந்தார்கள். அவருடைய இளவயதைச் சுட்டி முணுமுணுத்தவர்களை அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. பின்னர் கலீஃபாவான அபூபக்ர் (ரலி) அவர்கள், உமரைத் தம்முடன் மதீனாவில் நிறுத்திக்கொள்ள விரும்பியபோது, அந்த இளம் தளபதியிடம் அனுமதி கேட்டே நிறுத்திக்கொண்டார்கள். இதை வெள்ளிமேடைகளில் கேட்டிருக்கிறோம். நம் அலுவலகத்தில் நம்மைவிட இளையவர் மேலாளராக வரும் நாளில்தான் அது நம்மைச் சோதிக்கிறது.

கல்லூரிக் கூடைப்பந்தில் துணைப் பயிற்சியாளர் என்னதான் செய்கிறார்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் தலைமைப் பயிற்சியாளரின் அருகே காகிதத்தோடு அமர்ந்திருப்பவர் மட்டுமே. அந்தக் காகிதத்தின் பின்னால் பல இரவுகள் இருக்கின்றன. அடுத்து எதிர்கொள்ளவிருக்கும் அணிகளைத் துணைப் பயிற்சியாளர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வார்கள். தமக்கு ஒதுக்கப்பட்ட அணி முன்பு ஆடிய ஆட்டங்களின் காணொளிகளை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த அணியின் ஒரு பெண் வலப்புறம் மட்டுமே பந்தைத் தட்டிச் செல்கிறாள், இன்னொருத்தி களைத்தால் காவலில் தளர்கிறாள் என்பதையெல்லாம் குறித்துத் தம் வீராங்கனைகளுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். ஆட்டத்தின்போது யாருக்கு எத்தனை தவறுகள் விதிக்கப்பட்டுள்ளன, எத்தனை டைம் அவுட் மிஞ்சியிருக்கின்றன என்ற கணக்கும் அவர்களிடமே.

அதைவிடப் பெரிய வேலை, பள்ளி மாணவிகளைக் கண்டறிந்து கல்லூரிக்கு அழைத்து வருவது. கோடைக்கால முகாம்களில் நாள் முழுதும் அமர்ந்து பதினாறு வயதுப் பெண்களின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். பின் அவர்கள் வீட்டுக் கூடத்தில், தாய் தந்தையர் முன் அமர்ந்து, "உங்கள் மகளை எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று கேட்பார்கள். நம் மொழியில் அதற்கு அமானத் என்று பெயர். அந்தப் பெண் சேர்ந்த பிறகு வீட்டு நினைவால் அழும் இரவிலும், தேர்வில் தவறிய நாளிலும், முழங்கால் தசைநார் கிழிந்து ஓராண்டு ஆட முடியாமல் போகும் காலத்திலும் முதலில் கதவைத் தட்டுவது பெரும்பாலும் துணைப் பயிற்சியாளரின் அறையைத்தான். தலைமைப் பயிற்சியாளரே அவளை ஆட்டத்திலிருந்து இறக்கி உட்கார வைத்தவர். அவரிடம் போய் அழ முடியாது.

வெற்றி தலைமைப் பயிற்சியாளரின் பெயரில் எழுதப்படும். அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு புள்ளிவிவர ஏடுகளில் ஏறும். துணைப் பயிற்சியாளருக்கு அப்படியொரு கணக்கே இல்லை. தோல்வி வந்து தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் மட்டும், புதிதாக வருபவர் தம் ஆட்களைக் கொண்டுவருவார் என்பதால், துணைவர்களின் வேலையும் உடன் போகும். குடும்பத்தோடு வேறு மாநிலம் தேட வேண்டும். மூஸா (அலை) அவர்கள் மலைக்குச் சென்றிருந்த நாள்களில் மக்கள் காளைக்கன்றை வணங்கியபோது, திரும்பி வந்தவரின் கோபத்தை முதலில் எதிர்கொண்டவர் பொறுப்பில் இருந்த ஹாரூன் (அலை) அவர்கள்தாம். துணைவராக இருப்பதன் இந்தப் பக்கத்தையும் வேதம் மறைக்கவில்லை.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டெய்லி என்றொருவர் இருக்கிறார். 1985இல் ஜீனோ ஆரியெம்மா அங்கே தலைமைப் பயிற்சியாளரானபோது உடன் சேர்ந்தவர். நாற்பது ஆண்டுகள். 1995இல் தொடங்கி 2025 வரை பன்னிரண்டு தேசியப் பட்டங்கள். ஆரியெம்மா நோயுற்ற நாள்களில் அணியை நடத்தியவர் டெய்லி. அவர் திரும்பியதும் தம் இருக்கைக்கு மீண்டவரும் டெய்லி. 2022 இறுதியில் தென் கரோலைனா கனெக்டிகட்டை வென்றது. 2025 இறுதியில் கனெக்டிகட் தென் கரோலைனாவை வென்றது. இரண்டு முறையும் எதிரெதிர் வரிசைகளில் பாயரும் டெய்லியும் இருந்தார்கள். டெய்லியின் பெயர் 2018இல் பெண்கள் கூடைப்பந்தின் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் இரண்டாம் இருக்கையில் இருந்த பிறகு.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதத்தை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். பெண்களை இரண்டாம் இடத்திலேயே இருத்திவைக்க விரும்புவோர்க்கு இந்தக் கதைகள் இனிக்கும். அமெரிக்காவிலேயே, கல்வியில் பால் வேறுபாட்டைத் தடுக்கும் ஒன்பதாம் தலைப்பு என்னும் சட்டம் 1972இல் வருவதற்கு முன், கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். சட்டத்தின் பயனாய்ப் பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் மதிப்பும் வந்தன. கூடவே தலைமை இருக்கைகளுக்கு ஆண்களும் வந்தனர். பெண்கள் அணிகளின் தலைமையில் பெண்களின் பங்கு பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. எனவே, இரண்டாம் இருக்கையில் அமர்வதும் அமர்த்தப்படுவதும் ஒன்றல்ல. பாயர் தலைமையைச் சுவைத்துப் பார்த்த பின் இதைத் தேர்ந்தார். தேர்வு செய்ய வழியே இல்லாத ஒருவரிடம் "நிய்யத்தைச் சீராக்கிக்கொள், கூலி அல்லாஹ்விடம்" என்று சொல்வது எளிது. சொல்பவரின் நிய்யத்தையும் அங்கே பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, இந்த எளிய வழியில் நடந்து ஒருமுறை நீதிமன்றத்தில் சிக்கியது. செலவைக் குறைப்பதற்காக 1991இல் அது ஒரு விதியை இயற்றியது. கூடைப்பந்து அணிகளின் பயிற்சியாளர் குழுவில் ஒருவர் 'வரையறுக்கப்பட்ட ஊதியப் பயிற்சியாளர்' எனப்படுவார்; கல்வியாண்டு முழுவதற்கும் அவருக்கு 12,000 டாலருக்கு மேல் தரக்கூடாது; கோடைக்கு மேலும் 4,000 டாலர் தரலாம். இளைஞர்கள் தொழில் கற்றுக்கொள்ள ஒரு நுழைவாயில் வேண்டாமா என்று சங்கம் வாதிட்டது. ஆனால், அந்த இடத்தில் இளைஞரைத்தான் அமர்த்த வேண்டும் என்று விதியில் ஒரு சொல்லும் இல்லை. அனுபவம் மிக்கவர்களும் அதே சொற்ப ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டனர். ஆடவர் கூடைப்பந்தின் துணைப் பயிற்சியாளர்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1995இல் அவ்விதி சட்டவிரோதம் எனத் தீர்ப்பாயிற்று; 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1999இல் 5 கோடியே 45 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சங்கம் வழக்கை முடித்துக்கொண்டது. அதே சங்கம் பல விளையாட்டுகளில் 'தன்னார்வப் பயிற்சியாளர்' என்ற பெயரில் ஊதியமே இல்லாத இடத்தையும் வைத்திருந்தது. அது 2023இல்தான் நீக்கப்பட்டது.

இதைப் படித்தபோது நமக்கு அமெரிக்கா மறந்துபோய், நம் மஹல்லா நினைவுக்கு வந்தது.

நம் பள்ளிவாசல்களிலும் இரண்டாம் இருக்கைக்காரர்கள் உண்டு. ஃபஜ்ருக்கு முன் எழுந்து கதவைத் திறந்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, பாங்கு சொல்லி, ஹஜ்ரத் வராத வேளையில் தொழவைத்து, ஜனாஸா வந்தால் குளிப்பாட்டும் இடம்வரை உடன் நிற்கும் மோதினார். மக்தபில் சிறுவர்களுக்கு அலிஃப் பே சொல்லிக்கொடுக்கும் இரண்டாவது உஸ்தாத். பெண்கள் மத்ரஸாவில் ஆலிமாவுக்குத் துணையாக வந்து, முப்பது பிள்ளைகளின் ஓதலைத் தனித்தனியே கேட்டுத் திருத்தும் இளம்பெண். ரமளானில் லுஹருக்குப் பிறகு அடுப்பை மூட்டி, அஸர்வரை நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே நிற்பவர். "இன்றைய கஞ்சி உபயம்" என்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லப்படுகிறது. கிண்டியவரின் பெயரை நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இவர்களின் இக்லாஸைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பெயர் வேண்டாத உழைப்புக்குத்தான் அல்லாஹ்விடம் பெருங்கூலி என்பது நம் உறுதியான நம்பிக்கை, அதில் ஐயமில்லை. ஆனால் இக்லாஸ் என்பது உழைப்பவர் தம் இறைவனோடு வைத்திருக்கும் கணக்கு. அதை நிர்வாகம் தன் ஊதியப் பட்டியலில் கழிவாக எழுதிக்கொள்ள முடியாது. உழைத்தவரின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு போதித்த மார்க்கம் நம்முடையது. ஒரு மோதினாரின் மாத ஊதியம், அதே மஹல்லாவில் நடக்கும் ஒரு திருமணத்தின் மேடை அலங்காரச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு என்று நாம் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? "அவருக்கு உள்ளூரில் அரிசி பருப்பு கொடுத்துவிடுகிறார்கள்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். இளைஞர்களுக்கு நுழைவாயில் வேண்டும் என்று அந்தச் சங்கம் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு நமக்குத் தெரியவில்லை.

பாயரும் டெய்லியும் இரண்டாம் இருக்கையில் நிறைவோடு இருக்க முடிந்ததற்கு அவர்களின் மனம் மட்டும் காரணமன்று. பெரிய அணிகளில் அந்த இருக்கைக்கு நல்ல ஊதியம் இருக்கிறது, 'இணைத் தலைமைப் பயிற்சியாளர்' என்ற மதிப்பான பதவிப்பெயரும் இருக்கிறது. தலைவர் தம் வெற்றியைப் பேசும்போது துணைவரின் பெயரைச் சொல்கிறார். இவை மூன்றும் இருந்தால், நம் பிள்ளைகளிலும் ஹாஃபிழ் பட்டம் பெற்ற ஒருவர் மக்தபின் இரண்டாவது உஸ்தாதாக முப்பது ஆண்டுகள் மகிழ்ச்சியாக இருப்பார். ஐந்தாண்டு கழித்து அவர் மேசையைக் காலி செய்துவிட்டு ஒரு துணிக்கடையின் கல்லாவில் போய் உட்காரும்போது, துன்யாவின் ஆசை இழுத்துவிட்டது என்று நாம் பெருமூச்செறிய வேண்டியிராது.

பெரும்பாலான ஜமாஅத்துகளில் ரமளானுக்கு முன்போ பின்போ பொதுக்குழு கூடி வரவு செலவு வாசிக்கப்படும். மின்கட்டணம், சுண்ணாம்பு, ஒலிபெருக்கிப் பழுது என்று வரிசையாக ஓடும் அந்தப் பட்டியலில், "மோதினார் சம்பளம்", "மக்தப் உதவி உஸ்தாத் சம்பளம்" என்ற வரிகளும் வரும். வாசிப்பவர் வேகமாகவே வாசிப்பார். அடுத்த கூட்டத்தில் நம்முள் ஒருவர் எழுந்து, அந்த இரண்டு வரிகளையும் மீண்டும் ஒருமுறை வாசிக்கும்படி கேட்க வேண்டும். இந்தத் தொகை கடைசியாக எந்த ஆண்டில் உயர்த்தப்பட்டது என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.